வெளிநாட்டுத் தெருவில் ஒரு பழைய பிளஷர்: பழங்கார்களை இனங்காணத் தொடங்குவோருக்கு

மதுரைக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் முதியவர்கள் 'கார்' என்று சொல்லிக் கேட்டதைவிடப் 'பிளஷர்' என்று சொல்லிக் கேட்டதே எனக்கு அதிகம். சரக்கு ஏற்றாமல், வீட்டார் ஏறிப் போவதற்கென்றே இருந்த வண்டி என்ற பொருளில் அச்சொல் வழங்கியது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று விடுமுறைக்குக் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் போகிறார்கள். அங்கே தெருவோரத்தில் நிற்கும் ஒரு பழைய காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதும், அது என்ன கார், எந்த ஆண்டுக் கார் என்று யாராவது கேட்டால் விழிக்கிறார்கள். நானும் அப்படி விழித்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் இலங்கைக்குப் போயிருந்தேன். கண்டியில் ஒரு மளிகைக் கடைக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்ட ஒரு சிறிய கார் நின்றிருந்தது. "என்னங்க, இது நம்ம அம்பாசடர் மாதிரியே இருக்கு. முதல் துவைப்புல சுருங்கிப்போன சட்டை மாதிரி" என்றார் என் மனைவி. எல்லாரும் சிரித்தோம். பிறகு படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்று தெரிந்தது. அந்தக் கார் மோரிஸ் மைனர். அம்பாசடரின் மூல வடிவம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். 1948-இல் லண்டனில் நடந்த கார் கண்காட்சியில் மைனரும் அக்காலத்து ஆக்ஸ்ஃபோர்டும் தம்பியும் அண்ணனும்போல ஒன்றாகவே மேடையேறின. ஒரு காரை இனங்காண வேண்டுமானால் அதை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கார் கண்ணில் பதிந்திருக்க வேண்டும். மதுரையில் வளர்ந்தவருக்கு அப்படி மூன்று கார்களாவது பதிந்திருக்கின்றன. அவற்றுக்கு வருமுன் ஒரு வரையறையைப் பார்த்துவிடுவோம்.

பழையது எல்லாம் பழங்கார் ஆகிவிடுவதில்லை. பழமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு முப்பது ஆண்டுகள் கடந்த வண்டியைப் பழங்கார் என்று கொள்கிறது. காலத்துக்கு ஏற்ற நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்றும், அன்றாடப் போக்குவரத்துக்கு உரியதாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆங்கிலேயர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள்: 1904 முடிய உருவானவை 'வெட்டரன்', 1919 முதல் 1930 முடிய உருவானவை 'விண்டேஜ்'. நம் நாட்டில் மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான வண்டியே 'விண்டேஜ்'. அப்படிப் பதிவு செய்யும் வண்டியின் எண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆகவே ஒரே கார் ஜெர்மனியில் பழங்காராகவும் இந்தியாவில் வெறும் பழைய காராகவும் இருக்கக்கூடும். தொடங்குவோர் இந்தச் சொற்போரில் அதிகம் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. முப்பது ஆண்டு என்ற கணக்கே பயணத்துக்குப் போதும்.

இனி நம் கண்ணில் இருக்கும் மூன்று கார்கள். முதலாவது அம்பாசடர். இதன் உருவம் பிரிட்டனில் 1956 முதல் 1959 வரை விற்ற மூன்றாம் வரிசை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உருவம். இரண்டாவது பிரீமியர் பத்மினி. இது இத்தாலியின் ஃபியட் 1100. மூன்றாவது, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இது பிரிட்டனில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. இந்த மூன்றையும் அறிந்தவருக்கு ஐரோப்பியத் தெருவில் பாதி அறிமுகம் ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஒரு சறுக்கல் இருக்கிறது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பிரிட்டனில் மூன்றே ஆண்டுகள் தரித்த அந்த உருவம், நம் நாட்டில் 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நிறுத்தப்படும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. முகப்புச் சல்லடை மாறியது, எஞ்சின் மாறியது, விளக்கு மாறியது, தோள் மாறவில்லை. ஆகவே ஓர் அம்பாசடரின் வடிவத்தைப் பார்த்து அது எந்தப் பத்தாண்டில் பிறந்தது என்று சொல்வதற்குக்கூட மிகவும் பழகிய கண் வேண்டும். மாறாத காரைப் பார்த்துப் பழகியதால், காரின் உருவத்தில் காலம் எழுதப்பட்டிருக்கும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. வெளிநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், வாங்குவோரை இழுப்பதற்காக ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏதேனும் ஒன்றை மாற்றினார்கள். ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு கதவுக் கீல் என்று அமைந்த அந்த மாற்றங்களை வாசிப்பதுதான் பழங்காரை இனங்காணும் கலை. காரின் பெயரைச் சொல்வது அதில் சிறு பகுதி. ஆண்டைச் சொல்வதே சுவை.

முதலில் தூரத்திலிருந்து நிழலுருவத்தைப் பார்க்க வேண்டும். நான்கு மட்கார்டுகளும் உடலிலிருந்து தனித்தனியே புடைத்து நிற்க, கதவுக்குக் கீழே கால் வைத்து ஏற ஒரு பலகை ஓடினால், அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வடிவம். மட்கார்டுகள் உடலோடு கரைந்து பக்கவாட்டு முழுவதும் ஒரே பரப்பாக ஆகிவிட்டால், 1940களின் இறுதிக்குப் பிந்தையது. வாலில் துடுப்பு முளைத்திருந்தால் 1950கள். அமெரிக்கக் காடிலாக் 1948-இல் சிறிதாகத் தொடங்கிய அந்தத் துடுப்பு, 1959-இல் எட்டாத உயரத்துக்குப் போய், பிறகு விரைவிலேயே அடங்கிவிட்டது. கோடுகள் நேராகி, மூலைகள் கூர்மையாகிப் பெட்டிபோல் ஆனால் 1970கள் என்று கொள்ளலாம். விதிவிலக்குகள் ஏராளம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போருக்கு முந்திய மட்கார்டையும் கால் பலகையையும் வைத்துக்கொண்டே, மெக்சிகோவில் 2003 வரை உருவாகிக்கொண்டிருந்தது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல்.

அந்தப் பீட்டிலே பாடத்துக்கு மிக நல்ல கார். முன்னால் சல்லடை கிடையாது. எஞ்சின் பின்னால் இருக்கிறது, காற்றால் குளிர்கிறது, ஆகவே ரேடியேட்டருக்கு வேலையே இல்லை. தெருவில் நிற்கும் பீட்டிலின் பின்பக்கம் போய்க் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு பிரித்து இரண்டு சிறு கண்ணாடிகள் இருந்தால் 1953 மார்ச்சுக்கு முந்தியது. முட்டை வடிவில் ஒரே கண்ணாடி இருந்தால் 1953 முதல் 1957 வரை. அகலமான செவ்வகம் என்றால் அதற்குப் பிந்தியது. பத்து நொடியில் இவ்வளவு சொல்லிவிட முடிகிறது என்பதைக் கூட வந்த பிள்ளைகள் பார்த்தால், அடுத்த பீட்டிலுக்கு அவர்களே முந்திக்கொண்டு ஓடுவார்கள்.

மோரிஸ் மைனரில் முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நடுவில் தண்டு வைத்து இரண்டாகப் பிரித்த கண்ணாடி 1956 வரை. வளைந்த ஒரே கண்ணாடி அதற்குப் பின். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்தக் காரில் வேறொரு சுவையான தழும்பு உண்டு. உற்பத்தி தொடங்கும் தறுவாயில், கார் அகலம் போதாமல் ஒடுங்கித் தெரிகிறது என்று அவருக்குத் தோன்றவே, மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அதையே முடிவு செய்தார். அதற்குள் பம்பர்களுக்கான அச்சுகள் தயாராகியிருந்தன. எனவே தொடக்ககால மைனர்களின் பம்பரை நடுவில் வெட்டி நான்கு அங்குலத் துண்டு ஒன்றை ஒட்டினார்கள். பானட்டின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டையும் அந்த அகலத்தின் நினைவுதான். நம் டிங்கரிங் பட்டறைகளில் செய்யும் வேலையை அவர்களும் செய்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு அந்தக் காரின் மேல் மதிப்பு கூடியது.

பிரிட்டனின் 'மினி' என்ற சிறு காரில் வெளியே தெரியும் கதவுக் கீல்களும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் சன்னலும் இருந்தால், 1959-க்கும் 1969-க்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தாலியின் சிறிய ஃபியட் 500-இல் கதவுகள் பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் திறந்தால் 1965 வரையிலான காலம். அமெரிக்கக் கார்களுக்கு விளக்கே சாட்சி. 1940 முதல் அந்நாட்டில் ஒரே அளவான வட்ட முகப்பு விளக்குகளே அனுமதிக்கப்பட்டன. நான்கு விளக்கு முகப்பு 1958 மாடல்களில்தான் பரவலாயிற்று. ஆகவே இரண்டே வட்டக் கண்களோடு துடுப்பும் வைத்த செவ்ரோலே ஒன்றைக் கண்டால் 1957 அல்லது அதற்கு முன் என்று துணியலாம். பழைய பிரிட்டிஷ் கார்களில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலான தூணில் ஒரு நீண்ட பொந்து தென்பட்டால் அதையும் கவனியுங்கள். திரும்பும்போது அதிலிருந்து ரயில்வே கைகாட்டியைப்போல ஒரு சிறு கை வெளியே நீளும். மினுக்கும் விளக்கு வருவதற்கு முன் அதுதான் இண்டிகேட்டர். மைனரில் 1961 வரை அது இருந்தது.

கண்ணாடியும் விளக்கும் பார்த்தபின் நம்பர் பிளேட்டுக்கு வரலாம். பிரிட்டனில் 1963 முதல் பதிவெண்ணின் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள்: ஏ என்றால் 1963, பி என்றால் 1964, சி என்றால் 1965. 1983-இல் அந்த எழுத்து முன்னால் போயிற்று. 2001-இல் முறையே மாறி ஆண்டைக் குறிக்கும் இரண்டு எண்கள் வந்தன. கறுப்புப் பின்னணியில் வெள்ளி எழுத்துகள் கொண்ட பிளேட்டு பழைய வண்டிகளுக்கே உரியது; 1973 முதல் புதிய வண்டிகளுக்கு முன்னால் வெள்ளையும் பின்னால் மஞ்சளும் கட்டாயம் ஆயின. ஒரு எச்சரிக்கை: அந்நாட்டில் பதிவெண்ணை விலைக்கு வாங்கி வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். இருக்கும் வயதைவிட வண்டியை இளையதாகக் காட்டும் எண்ணை மாட்டுவதற்குத்தான் தடை. மூத்ததாகக் காட்டத் தடையில்லை. ஆகவே பிளேட்டு சொல்லும் வயதைவிடக் கார் இளையதாக இருக்கக்கூடும். ஜெர்மனியில் சிக்கல் குறைவு. முப்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல் பேணப்பட்ட வண்டிகளுக்குப் பதிவெண்ணின் இறுதியில் 'எச்' என்ற எழுத்தை 1997 முதல் வழங்குகிறார்கள்.

இலங்கையின் பிளேட்டுகள் தமிழருக்கு வேறு ஒரு கதையும் சொல்லும். இ.என்., இ.எல்., இ.ஒய். போன்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்குபவை 1950களின் நடுப்பகுதி வரையிலான பதிவுகள். எண்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருப்பவை அதற்குப் பிந்தியவை. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்துத் தமிழர்கள் 1950களின் இறுதியில் போராட்டம் நடத்தியதையும், பிளேட்டுகளில் தார் பூசப்பட்டதையும் படித்தவர்களுக்கு, ஒரு பழைய பிரிட்டிஷ் ஆஸ்டின் காரின் பின்புறம் வெறும் பதிவெண்ணாகத் தெரியாது.

கடைசியாகத்தான் காரின் பெயர்ப் பட்டையைப் படிக்க வேண்டும். புதியவர்கள் நேராக அதற்குத்தான் குனிவார்கள்; நானும் குனிந்தேன். பட்டை அவ்வளவு நம்பத் தக்கதல்ல. ஆஸ்டினும் மோரிஸும் 1952-இல் ஒரே நிறுவனமாக இணைந்தபின், 1959-இல் இத்தாலிய வடிவமைப்பாளர் பினின்ஃபரினா வரைந்த துடுப்பு வைத்த ஒரே உடலை ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, வூல்ஸ்லி, ரைலி, எம்.ஜி. என்ற ஐந்து பெயர்களில் விற்றார்கள். 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு' என்ற பெயரைப் படித்துவிட்டு, நம் அம்பாசடரின் மூதாதையைக் கண்டுவிட்டோம் என்று மகிழ்ந்து நிமிர்ந்தால், எதிரே சம்பந்தமே இல்லாத ஒரு துடுப்புக் கார் நிற்கும். ஹெரால்டிலும் இதுபோல ஒன்று உண்டு. பிரிட்டனில் ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. இங்கிலாந்தில் இரண்டு கதவு ஹெரால்டைப் பார்த்து, யாரோ பட்டறையில் கொடுத்துக் கதவை அடைத்துவிட்டார்கள் என்று நான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் கதவைச் சேர்த்தவர்கள் நாம்.

இவ்வளவும் காரைப் பற்றியது. ஒரு நாட்டில் பழங்கார் மிகுந்தும் இன்னொரு நாட்டில் அருகியும் ஏன் இருக்கின்றன என்று கேட்டால், அந்நாட்டின் பொருளாதாரமே விடையாக வரும். கியூபா எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு: 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் புதிய அமெரிக்கக் கார்களும் உதிரிபாகங்களும் வரவில்லை, இருந்தவற்றையே ஒட்டி ஓட்டினார்கள். ஹவானாவில் ஓடும் செவ்ரோலேக்கள் பலவற்றின் பானட்டுக்கு அடியில் இன்று இருப்பது வேறு ஏதோ நாட்டு டீசல் எஞ்சின். சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். அங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று பத்தாண்டுக்கே செல்லும். புதுப்பிக்கும் செலவுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் காரைக் கழித்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு கடந்த கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு என்றாலும், ஆண்டில் குறிப்பிட்ட நாட்களே ஓட்டலாம். ஆகவே சிங்கப்பூரில் ஒரு பழங்காரைக் கண்டால், அதன் பின்னால் பணமும் பிடிவாதமும் உள்ள ஒருவர் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

நமக்கு மிக அருகில், மிகச் செழிப்பாகப் பழங்கார் கிடைக்கும் இடம் இலங்கை. மதுரையிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அந்நாட்டில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977-க்குப் பின்தான் கதவு திறந்தது. அதுவரை, பிரிட்டிஷ் காலத்திலும் அதை ஒட்டியும் வந்த மோரிஸ் மைனர்களையும் ஆஸ்டின்களையும் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் நீண்டது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத ஆண்டுகளில், ஆஸ்டின் ஏ40 போன்ற கார்களைச் சில துளிப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய எஞ்சின்களில் கலவையை அழுத்தும் விகிதம் குறைவு. தரங்குறைந்த எரிபொருளை அவை ஓரளவு பொறுத்துக்கொண்டன. புதிய எஞ்சின் என்றால் திணறியிருக்கும். பழைமை அங்கே அழகுக்காக இல்லாமல் தேவைக்காகப் பிழைத்தது.

மதுரைக்காரருக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியன்று. 1912-இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்து விற்றது. பின்னால் உலை கட்டிக்கொண்டு ஓடிய அந்தக் கரி பஸ்களின் கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் காரும் மதுரைக் கரி பஸ்ஸும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். செக் நாட்டின் பிராகா நகரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வலம்வரும் '1920களின்' திறந்த கார்களில் பல, அண்மையில் செய்த நகல்கள். டயரின் அகலத்தையும் ஸ்டியரிங்கையும் பாருங்கள். மேலே நூறு வயதும் கீழே இருபது வயதும் தெரியும். நகலில் ஏறிச் சுற்றுவதில் குற்றம் ஒன்றுமில்லை. குறிப்பேட்டில் மட்டும் எழுதாதீர்கள்.

எங்கே, எப்போது பார்ப்பது? பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுவதால் தகரம் துருப்பிடிக்கும். உரிமையாளர்கள் காரை மூடி வைத்துவிட்டு வசந்தத்தில்தான் வெளியே எடுப்பார்கள். விதிவிலக்கு, நவம்பர் முதல் ஞாயிறு. அன்று 1905-க்கு முன் உருவான வண்டிகள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடும். 1896-இல் வேகக் கட்டுப்பாடு தளர்ந்ததைக் கொண்டாடிய முதல் ஓட்டத்தின் நினைவு அது. பிரான்சின் மியூலூஸ் நகர அருங்காட்சியகத்தில் புகாட்டி என்ற பழம்பெரும் கார்கள் மட்டுமே ஒரு நாளைத் தின்றுவிடும். புறப்படுமுன் கண்ணைப் பழக்க விரும்புவோர் கோயம்புத்தூரில் உள்ள ஜி.டி. நாயுடு கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய்வரலாம். அங்கே கயிற்றுக்கு அப்பால் நிற்கும் காரை யாரும் அவசரப்படுத்தாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்க முடியும்.

தெருவில் நிற்கும் கார் ஒருவருடைய உடைமை. தொடுவதற்கும் சாய்ந்து நிற்பதற்கும் முன் கேளுங்கள். பேன்ட்டின் உலோகப் பொத்தான் ஒன்று போதும், பல மாதப் பாலிஷ் வேலை கெட்டுவிடும். உரிமையாளர் பக்கத்தில் இருந்தால் "எந்த ஆண்டு?" என்று கேட்பதைவிட, நீங்கள் கணித்த ஆண்டைச் சொல்லி "சரிதானா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நீளும், பல வேளைகளில் பானட்டும் திறக்கும். படம் எடுக்கும்போது முகப்பு, பக்கம், பின்புறம், டாஷ்போர்டு என்று நான்கு எடுத்துவிட்டு, அதற்குப் பின் குடும்பத்தை நிறுத்துங்கள். நாங்கள் இதை மாற்றிச் செய்ததால், கண்டிக் காரின் முகப்பை இரண்டு தோள்களுக்கு இடையே தேட வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் தெரிந்தவரை என் குறிப்பேட்டில் எழுதியிருப்பது இது: முன் கண்ணாடி வளைந்தது, தண்டு இல்லை. முகப்புச் சல்லடை கிடைக் கோடுகள். கதவுத் தூணில் கைகாட்டிப் பொந்து உண்டு. பிளேட்டின் நடுவே ஸ்ரீ. மோரிஸ் மைனர் 1000, 1956-க்குப் பின், 1961-க்கு முன். பம்பரில் ஒட்டுத் துண்டு இருந்ததா என்று மனைவி கேட்டார். அந்த இடத்தில் என் முழங்கால் நிற்கிறது.